ஊசியம்மாவின் நீல ஆர்க்கிட்

ஊசியம்மாவுக்கு அந்தப் பெயர் வந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானம் மூன்று மணி வரை ஜனங்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பாள். ஒரே குத்துதான். இரண்டாவது குத்து என்ற பேச்சே கிடையாது. நரம்பே தட்டுப்படாத குண்டுக் கைகள் வந்தால் மற்றவர்கள் நைசாக அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊசி உறையைக் கழற்றுவதற்கு முன்னால், உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவாள். "இது சர்க்கரைக்கு, இது கிட்னிக்கு. ரெண்டு குழாய் எடுக்கப்போறேன். சரிங்களா?" அவர்கள் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊசி வெளியே வராது. வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும் இதே பாட்டுதான். "நேரம் போகுதும்மா" என்று மேனேஜர் ஒருநாள் பல்லைக் கடித்தார். "அவங்க உடம்பு சார். எதுக்குக் குத்துறேன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள். மேனேஜர் அதன்பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் அவளை ஆர்க்கிட் பைத்தியம் ஆக்கியது.

நிலையத்துக்குப் புது மெஷின் வந்தபோது, மெஷின் கம்பெனிக்காரர்கள் ஒரு ஆர்க்கிட் தொட்டியைப் பரிசாக வைத்துவிட்டுப் போனார்கள். ஊதா நிறத்தில் பட்டாம்பூச்சி மாதிரிப் பூக்கள். இரண்டு மாதம் வரவேற்பு மேஜையில் ராஜமரியாதை. பூ உதிர்ந்ததும் தொட்டி குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஊசியம்மா அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவள் கணவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"செத்த செடியை ஏம்மா சுமந்துட்டு வர்றே?"

"சாகலை. பூதான் போயிருக்கு. இலையைத் தொட்டுப் பாருங்க, கெட்டியா இருக்கு."

கெட்டியாக இருந்த இலை மூன்றே மாதத்தில் வழவழத்துப் போய், செடி நிஜமாகவே செத்தது. கணவர் வாயைத் திறக்கவில்லை. இருபது வருஷக் குடித்தனம் அவருக்கு அந்தப் புத்தியைக் கொடுத்திருந்தது. ஊசியம்மா பூக்கடைக்குப் போய், விலை குறைத்து ஓரமாக வைத்திருந்த இன்னொரு செடியை வாங்கினாள். அதுவும் போனது. மூன்றாவதும் போனது. தொட்டியை மாற்றினாள், மண் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மரப்பட்டைத் துண்டுகள் போட்டாள், ஜன்னலை மாற்றினாள், தண்ணீரைக் குறைத்தாள். நாலாவது செடி போனபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பழைய செய்தித்தாளை விரித்து, செத்த செடியைக் கிடத்தி, கத்திரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேர்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், நட்ட நடுவில், செடியின் கழுத்துக்கு அடியில், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பாசி உருண்டை. அதைச் சுற்றி மெல்லிய வலை. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது! செடி குழந்தையாக இருந்தபோது நாற்றுப் பண்ணையில் அதை அந்த உருண்டையில் ஊன்றியிருக்கிறார்கள். வளர்ந்த பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. வேர்கள் அதை மூடிக்கொண்டு வளர்ந்துவிட்டன. வெளியே எத்தனை தொட்டி மாற்றினாலும் உள்ளே அந்த ஈரம் காயவே காயாது. நாலு செடியும் நடுவிலிருந்து அழுகியிருக்கின்றன.

"பாவிங்க. வயித்துக்குள்ள பஞ்சை வச்சுத் தைச்ச மாதிரி வச்சிருக்காங்க" என்றாள்.

அதன்பிறகு ஒரு செடியும் அவள் கையில் சாகவில்லை. வருகிற செடியை உடனே பிரிப்பாள். உருண்டையைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து எடுப்பாள். கத்திரியை நெருப்பில் காட்டி, கூழான வேர்களை வெட்டுவாள். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூளைத் தடவுவாள். எந்த வேர் உயிரோடு இருக்கிறது என்று அவள் கண்ணால் பார்ப்பதேயில்லை. விரலை வைத்து லேசாக அழுத்துவாள். நரம்பு தேடிப் பழகிய விரல் அது. வெளியே பழுப்பாக இருந்தும் உள்ளே கெட்டியாக இருக்கும் வேரை அது விட்டுவிடாது. அப்புறம் சுற்றிலும் ஓட்டை போட்ட, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் மரப்பட்டையும் கரித்துண்டும் போட்டு நடுவாள். வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் முக்கி எடுத்து, நன்றாக வடியவிட்டால் சரி. வேர் வெள்ளி நிறத்தில் இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும் என்று அர்த்தம். அடுக்கக வீடுகளில் பூ உதிர்ந்த தொட்டிகள் எல்லாம் அவள் வாசலுக்கு வந்து சேர ஆரம்பித்தன. சமையலறை ஜன்னலை மேல்வீட்டுக்காரர்கள் 'வார்டு' என்றே சொன்னார்கள்.

இந்தப் புகழ் அவள் நாத்தனார் காதுக்கும் எட்டியது.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். சொன்ன சொல்லிலும் முத்திரை குத்திவிடுவார். பிறகு மாற்ற முடியாது. தம்பிக்கு அவரைக் கண்டால் இந்த வயதிலும் கொஞ்சம் உதறல்தான். அவர் தன் கணவரை இழந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பீங்கான் தொட்டி ஒன்றை மடியில் வைத்து ஆட்டோவில் வந்து இறங்கினார். நாற்காலியில் உட்காரவில்லை. தொட்டியை நேராக ஊசியம்மாவின் கையில் கொடுத்தார்.

"இதைப் பிழைக்க வை."

மூன்று இலை. மூன்றும் சுருங்கித் தொங்கின. பாதி காய்ந்த பூந்தண்டு ஒன்று. தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை. சாய்த்தால் தண்ணீர் தளும்பியது.

"தினமும் தண்ணி ஊத்தினீங்களா அண்ணி?"

"காலையில எட்டு மணிக்கு ஒரு டம்ளர். ஒருநாள் தவறலை." நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவர் கடைசியா எனக்கு வாங்கிட்டு வந்தது இதுதான். கல்யாண நாளுக்கு. நீலப் பூ. நல்ல நீலம், இங்க் மாதிரி. நான் அன்னிக்கு மூஞ்சியைக் காட்டிட்டேன்மா. வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த நீலம் எனக்குத் திரும்ப வேணும். இன்னொரு தடவை அது பூக்கறதை நான் பார்க்கணும்."

முத்திரை குத்துகிறவர் குரல் அப்படி உடைந்து ஊசியம்மா கேட்டதில்லை. "பூக்க வைக்கிறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

நாத்தனார் போனதும் அறுவை சிகிச்சை ஆரம்பமானது. இருபது வேர் இருந்த இடத்தில் பதினெட்டு கூழ். இழுத்தால் தோல் மட்டும் கழன்று வந்தது. உருண்டை எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. மிஞ்சியது இரண்டு வேர். அதில் ஒன்று அரைகுறை. "இது தேறாதும்மா" என்று கணவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். "தேறும். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள்.

கடைசியாகக் காய்ந்த பூந்தண்டை வெட்டும்போதுதான் அதைப் பார்த்தாள். தண்டின் அடிப்பக்கம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அதில் ஒரு சின்னப் புள்ளி, மேலே மெழுகு வைத்து அடைத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் பூச்சி கடித்தது என்று விட்டிருப்பார்கள். ஊசியம்மாவுக்கு ஊசிக்குத்து தெரியாதா? நகத்தால் மெழுகைச் சுரண்டி, அந்த இடத்தில் தண்டைக் குறுக்கே வெட்டினாள். உள்ளே நரம்பு நரம்பாக நீலம். செடியின் இலையில் அந்த நீலம் இல்லை, வேரிலும் இல்லை. வெள்ளைப் பூச்செடிக்கு யாரோ தண்டில் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். இந்தச் செடி பிழைத்து இன்னொரு முறை பூத்தால் வெள்ளையாகத்தான் பூக்கும்.

வெட்டிய துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்திலேயே இருந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். ஐந்தே மாதத் துக்கத்தில் இருக்கிறவரிடம், உன் வீட்டுக்காரர் கடைசியாக வாங்கியது சாயப் பூ என்று எப்படிச் சொல்வது? முதலில் உயிர் பிழைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அந்தச் செடியோடு அவள் பட்ட பாட்டுக்கு அளவில்லை. வேர் இல்லாத செடி குடிக்காது. அதனால் ஈரம் நிற்கட்டும் என்று பெரிய பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கூடாரம் போட்டாள். தினமும் வேலைக்குப் போகும் முன் பத்து நிமிஷம் பையைத் தூக்கிக் காற்றாட விட்டாள். ஒரு இலை மஞ்சளாகி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. ஒற்றை இலையோடு நின்ற செடியைப் பார்த்து மேல்வீட்டுக்காரி "பாவம்" என்றாள். "பாவம் எல்லாம் ஒண்ணுமில்லை. ஓய்வு எடுக்குது" என்று ஊசியம்மா வெடுக்கென்று சொன்னாள். நாலாவது மாதம், இலையின் அடியில் தோலைக் கிழித்துக்கொண்டு பச்சை முனையோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தது. சமையலறையில் தனியாக நின்று கைதட்டினாள்.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு போன் வரும்.

"எப்படி இருக்கு?"

"புது வேர் மூணு அண்ணி. புது இலை ஒண்ணு."

"நீலம் வந்துடும்ல?"

ஒவ்வொரு வாரமும் இந்தக் கேள்விக்கு ஊசியம்மா "பூ வரட்டும் அண்ணி" என்றே சொன்னாள். பொய் இல்லைதான். ஆனால் போனை வைத்த பிறகு அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருக்கும்.

இப்படி ஒரு வருஷமும் மேலே இரண்டு மாதமும் போயின. பனி விழ ஆரம்பித்த ஒரு வாரத்தில், இலை இடுக்கிலிருந்து ஏதோ ஒன்று முளைத்தது. வேராக இருந்தால் முனை உருண்டையாக இருக்கும். இது கொஞ்சம் சப்பையாக, மேல்நோக்கி வளைந்து வந்தது. பூந்தண்டுதான். ஊசியம்மாவுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன.

கணவர் கடையை மூடிவிட்டு வந்து ஒரு யோசனை சொன்னார். "பூக்கடையில நீலத்துல புதுசா ஒண்ணு வாங்கி அதே டப்பாவில வச்சுடலாம். அக்காவுக்கு எங்க தெரியப்போகுது?"

"அதானே. நாள் முழுக்க நகல் எடுத்தா வீட்டுலயும் நகல்தான் தோணும்" என்று ஒரு பிடி பிடித்தாள்.

பிடித்தாளே தவிர, அவள் மனசிலும் ஒரு நகல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மொட்டுகள் மூன்று வந்து, அடி மொட்டு விரிகிற பதத்துக்குப் பருத்ததும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மருந்துக் கடையில் காசு கொடுத்து ஒரு ஊசி வாங்கினாள். நிலையத்தில் நூற்றுக்கணக்கில் கிடந்தாலும் அங்கிருந்து ஒன்றை எடுக்க மனசு வரவில்லை. கேக்குக்குப் போடுகிற நீலச் சாயத்தைக் கரைத்து ஊசியில் ஏற்றினாள். தண்டை இடது கை விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரே குத்து. மூன்றே நாளில் நீலம் மொட்டுக்கு ஏறிவிடும். நாத்தனார் முகம் மலர்ந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது.

விரல் நகரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எதற்குக் குத்துகிறேன் என்று சொல்லாமல் அவள் யாரையும் குத்தியதில்லை. இப்போது குத்தப்போவது செடியை என்று நினைத்துத்தான் ஊசியை எடுத்தாள். ஆனால் குத்து விழுவது அண்ணிக்கு அல்லவா? அவர் தலையாட்டினாரா? அவரைக் கேட்டாளா? வெட்கத்தில் அவள் காதெல்லாம் சுட்டது. சாயத்தைப் பாத்திரம் கழுவும் இடத்தில் ஊற்றிவிட்டு, ஊசியை வளைத்து ஒரு காலி மருந்து டப்பாவில் போட்டு மூடினாள். போனை எடுத்தாள்.

"அண்ணி, மொட்டு விட்டிருக்கு. கிளம்பி வாங்க. நேர்ல ஒரு விஷயம் சொல்லணும்."

மறுநாள் காலையில் நாத்தனார் பையோடு வந்து நின்றார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஊசியம்மா சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் தள்ளிப் போட்டாலும் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, இது நீலமா பூக்காது. தண்டுல ஊசி போட்டுச் சாயம் ஏத்தி வித்திருக்காங்க. வெட்டின அன்னிக்கே நான் பார்த்துட்டேன். ஒரு வருஷமா உங்ககிட்ட மறைச்சிட்டேன். தப்பு என்மேலதான்."

கணவர் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். திட்டு விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள். நாத்தனாரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப என்ன நிறத்துல பூக்கும்?"

"வெள்ளை."

"நிச்சயமா வெள்ளையா?"

"எனக்குத் தெரிஞ்சு வெள்ளைதான் அண்ணி."

நாத்தனார் சமையலறைக்குள் போனார். முக்காலி ஒன்றை இழுத்து ஜன்னலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். "பார்த்துட்டுத்தான் போவேன்" என்றார். அவ்வளவுதான். கோபமா, அழுகையா, ஒன்றும் புரியவில்லை. மூன்று நாள் அந்த முக்காலியைவிட்டு அவர் நகர்ந்தது சாப்பிடவும் படுக்கவும்தான். ஊசியம்மா அவரைச் சுற்றிக்கொண்டு சமைத்தாள். தம்பி கால் விரலில் நடந்தார். வேலையில் இருக்கும்போதும் அவளுக்கு அந்த முக்காலிதான் கண்ணில் நின்றது. செடியைக் காப்பாற்றி அண்ணியைத் தொலைத்துவிட்டோமோ என்று பயந்தாள்.

நாலாவது நாள் காலை ஆறரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பிக் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து "இங்க வாம்மா" என்று குரல் வந்தது.

அடி மொட்டு விரிந்திருந்தது. வெள்ளை. துளி நீலம் இல்லை. நடுவில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

நாத்தனார் அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், துடைக்காமல்.

"மன்னிச்சுடுங்க அண்ணி" என்றாள் ஊசியம்மா.

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்கறே? நான் வெள்ளைதான்மா கேட்டிருந்தேன். நீலத்தோட வந்து நின்னார். ஏன்னு கேட்டதுக்கு, 'கடையில வெள்ளை தீர்ந்துபோச்சு. ஆனா இதுவும் வெள்ளைதானாம், சாயம் ஏத்தியிருக்காங்களாம், அடுத்த தடவை வெள்ளையா பூக்கும்னு கடைக்காரப் பொண்ணு சொன்னா. கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னார். 'யார் காதுல பூ சுத்தப் பாக்கறீங்க? முப்பத்தி நாலு வருஷமா நான் கேட்டது எதைச் சரியா வாங்கிட்டு வந்திருக்கீங்க'ன்னு கத்திட்டேன். பதினோரு நாள்ல போயிட்டார். அந்தப் பதினோரு நாளும் இந்தச் செடிக்குப் பொட்டுத் தண்ணிகூட ஊத்தலை நான். அவர் போன பிறகுதான் தினமும் ஊத்தினேன். ஊத்தாம இருக்க முடியலை."

ஊசியம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். அண்ணியின் தோளில் கையை வைத்தாள்.

நாத்தனார் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதனிடம் குனிந்து, எதிரில் ஆள் இருப்பதுபோலவே சொன்னார். "நீங்க சொன்னது நிஜம்தாங்க."

ஊசியம்மா பரிசோதனை நிலையத்துக்குப் போன் போட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தாமதமாக வருவேன் என்றாள். செடியை அட்டைப் பெட்டியில் வைத்து, தண்டு ஆடாமல் இருக்கச் சுற்றிலும் காகிதத்தைத் திணித்தாள். கணவர் கடைக்குப் போகாமல் ஆட்டோ பிடிக்கப் போனார். படியில் இறங்கும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பீங்கான் தொட்டியும் எட்டு மணி டம்ளரும் கண்ணில் வந்து நின்றன.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் தண்ணி."

"தெரியும்மா" என்றார் நாத்தனார், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு. "இனிமே தினமும் ஊத்த வேண்டியதில்லை."